படகைப் போல் கட்டிய விமானம்

1. மேஜைக்கு வந்தது

அந்த விமானத்தை மேஜைக்கு மாற்ற ஒரு கையால்தான் தூக்கினேன். அந்த அளவு விமானத்துக்கு ஒரு கை போதும். ஆனால் மணிக்கட்டு மடங்கி, மூக்கு மேஜை விளிம்பில் இடித்துவிட்டது. பதறிப்போய் அதன் சொந்தக்காரரைப் பார்த்தேன்.

"வுடு தங்கச்சி, அதுக்கு ஒண்ணும் ஆவாது. மேஜைக்கு எதுனா ஆச்சா பாரு" என்றார்.

அவர் பெயர் அந்தோணி. ராயபுரத்துக்காரர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்பவர். படகில் விரிசல் விழுந்த இடத்தில் கண்ணாடி இழையாலான 'மேட்' என்னும் பாயை விரித்து, ரெசின் பசை பூசி, காயவைத்து, தேய்த்து, வர்ணம் அடிப்பது அவர் தொழில். விமானம் பறக்கவிடுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

நான் வேலை செய்வது திருவொற்றியூரில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கும் சிறிய ஒர்க்‌ஷாப்பில். ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களைக் கட்டுகிறோம், பழுது பார்க்கிறோம். முதலாளி சலீம் பாய். ஏரோநாட்டிகல் டிப்ளமோ முடித்த கையோடு இங்கே சேர்ந்தேன். இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் வேலை காட்டுகிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மோட்டாரைப் பற்றியதாகத்தான் இருக்கும். பதிலுக்கு நான் அந்தோணி அண்ணனின் விமானத்தைப் பற்றிச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தக் குறிப்பு.

எந்த விமானம் வந்தாலும் நான் பார்க்கும் வரிசை இது:

அ. பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை.
ஆ. இறக்கையின் பரப்பு.
இ. சமநிலைப் புள்ளி, அதாவது விரல் நுனியில் வைத்தால் விமானம் எங்கே சாயாமல் நிற்கிறது என்பது.
ஈ. மோட்டாரின் இழுவிசை.
உ. விழுந்த கதை.

கதை கடைசியில்தான். முதலில் கதையைக் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதைக்கு ஏற்றதை மட்டும் தேட ஆரம்பித்துவிடும்.

எங்கள் தராசு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் நடுங்கும். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் ஓர் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்துதான் எண்ணைப் படிக்க வேண்டும். அன்றைக்கும் காத்திருந்தேன். எண் நின்றது. இரண்டு கிலோவுக்கு மேல், நூற்று அறுபது கிராம்.

அதே விமானம் தனித்தனிப் பாகங்களாக விற்கப்படும் கிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடை ஒரு கிலோ முந்நூற்று எழுபது கிராம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விரித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினால் அது ஏறக்குறைய ஒரு சதுர டெசிமீட்டர். இந்த விமானத்தின் இறக்கையில் அப்படி முப்பத்தாறு சதுரங்கள். மொத்த எடையை அந்த முப்பத்தாறால் வகுத்தால், ஒவ்வொரு உள்ளங்கை அளவு இறக்கையும் எவ்வளவு சுமக்கிறது என்று தெரியும். இதற்குப் பெயர் விங் லோடிங். கிட்டில் சொன்னபடி கட்டியிருந்தால் முப்பத்தெட்டு கிராம். அந்தோணி அண்ணனின் விமானத்தில் அறுபது கிராம்.

2. அவர் கேட்டது பவர்

"மேல போறதுல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. ராக்கெட்டு கணக்கா போவுது. லூப்பு வுட்டு, கீழ வந்து, திரும்ப தூக்கசொல்லோ டக்குனு ஒரு பக்கமா பொரண்டு வுழுந்துருது. பவர் பத்தல. அத்த மட்டும் ஏத்திக் குடு."

"எத்தன தடவண்ணா விழுந்துச்சு?"

"வுழாத ஞாயித்துக்கெழம எதுன்னு கேளு, சொல்றேன்."

சலீம் பாய் பின்னால் இருந்து சிரித்தார். அந்தோணி அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிக்கும்போது இருமல் வந்தது. அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எடை எப்படி ஏறியது என்பதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. முதல் முறை விழுந்ததும் உடைந்த இடத்தில் ஒரு மேட் போட்டு ரெசின் பூசினார். எடை கூடியதால் மேலே ஏறத் திணறியது. பெரிய மோட்டார் போட்டார். பெரிய மோட்டார் அதிகக் கரன்ட் குடிக்கும், அதனால் பெரிய பேட்டரி. அந்த எடையோடு இறங்கும்போது வேகம் அதிகமானதால் சக்கரத் தண்டு ஒடிந்தது. அங்கேயும் ஒரு மேட். அடுத்த முறை இன்னும் பலமாக விழுந்தது. இன்னும் இரண்டு மேட்.

இதோடு வர்ணம். காசிமேட்டில் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஒட்டு போட்ட படகை மொத்தமாக வர்ணம் அடிக்காமல், பெயரும் மாதா படமும் புதிதாக எழுதாமல் கடலில் இறக்க மாட்டார்கள். ஒட்டோடு இறக்கினால் படகுக்கும் அதில் போகிறவர்களுக்கும் மரியாதை இல்லை. அவர் தன் விமானத்துக்கும் அதையே செய்திருந்தார். ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் முழு விமானத்துக்கும் நீல எனாமல், இறக்கையின் மேல் ஆரோக்கிய மாதா படம். ஓரத்தில் ஓர் இடத்தில் சுரண்டிப் பார்த்தேன். நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே இன்னொரு நீலம்.

இதைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. படகில் அவர் செய்வதெல்லாம் சரி. அலை அடிக்கும் இடத்தில் கனம்தான் உயிரைக் காப்பாற்றும். கை பழகிய தொழிலின் நியாயத்தை அவர் இங்கே கொண்டுவந்திருந்தார், அவ்வளவுதான்.

டீ வந்தபோது மீதியைச் சொன்னார். பல வருடம் ரெசின் ஆவியிலும் தேய்க்கும் தூசியிலும் நின்றதில் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இனி அந்த வேலையில் நின்றால் மூச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்று அரசு மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தேடியபோதுதான் ஒரு செய்தி வந்தது. விமான மாடல்களும் ட்ரோனும் பறக்கவிடக் கற்றுத்தரும் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்கள். சான்றிதழைவிடப் பறக்கவிடும் திறமைதான் முக்கியம். தேர்வு நாளில் லூப் என்னும் செங்குத்து வட்டம், நேராகப் போய்க்கொண்டே உருளும் ரோல், சதுர லூப், தலைகீழ்ப் பறப்பு, குறித்த கட்டத்துக்குள் இறக்குவது, இவ்வளவும் செய்துகாட்ட வேண்டும். விமானம் அவரவர் சொந்த விமானமாக இருக்க வேண்டும்.

"இது கெடச்சா நான் அந்த நாத்தத்துக்கு கிட்டயே போவ வேணாம் தங்கச்சி. கெடைக்கலன்னா, அடுத்த வாரமே போட்டுக்கு அடியில குந்தினு தேய்க்கணும். எனுக்கு வேற இன்னா தெரியும்?"

3. ஈயக் குண்டு

விங் லோடிங் கணக்கை அவருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரி, மோட்டார் எப்ப மாத்துற?" என்றார்.

சலீம் பாயிடம் அதே மாடல் விமானம் ஒன்று இருந்தது. கிட்டில் சொன்ன எடை, கிட்டில் சொன்ன மோட்டார். அதைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஈயம் கட்டிப் பறக்கவிடணும் பாய்."

"நல்லா பறந்துகினு கீற பிளேனுக்கு ஏம்மா ஈயம்? அது உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"அண்ணனுக்குக் காட்டணும்."

"வாயால சொல்லு."

"சொன்னேன். மோட்டார் எப்ப மாத்துறன்னு கேக்குறாரு."

பாய் அந்தோணி அண்ணனைப் பார்த்தார். "தோஸ்து, உன்னால என் பிளேனு சாவப்போவுது" என்று சொல்லிவிட்டு, "ஒசரத்துல வச்சு பண்ணுங்க. தரைகிட்ட வேணாம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

மீஞ்சூரைத் தாண்டி, உப்பளத்தை ஒட்டி ஒரு மைதானம் இருக்கிறது. எங்கள் கிளப் அனுமதி வாங்கிவைத்திருக்கும் இடம். காற்று எழும்பாத காலை வேளையில் போனோம். வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டுகளை அந்தோணி அண்ணனே ஒரு துணிப் பையில் கொண்டுவந்திருந்தார்.

முதலில் ஈயம் இல்லாமல் பறக்கவிட்டார். அவர் விரல்கள் நல்லவை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். லூப் சின்னதாக, வட்டமாக வந்தது. சதுர லூப்பின் மூலைகள் மூலைகளாகவே இருந்தன. இறக்கும்போது விமானம் நம் கூடவே நடந்து வருவதுபோல மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"பொம்ம கணக்கா கீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சோக்கா திரும்புது" என்றார்.

பிறகு ஈயக் குண்டுகளை, அவருடைய விமானத்தின் எடை வரும்வரை, சமநிலைப் புள்ளிக்கு நேர்கீழே டேப்பால் இறுக்கிக் கட்டினோம். முன்னாலோ பின்னாலோ கட்டினால் விமானம் சாய்ந்து சோதனை பொய்யாகிவிடும். இப்போது இறக்கை அதே இறக்கை, ஆளும் அதே ஆள். எடை மட்டும் வேறு.

நல்ல உயரத்தில் லூப் போட்டார். மேலே திணறித்தான் ஏறியது. கீழே வந்து மூக்கைத் தூக்க ஸ்டிக்கை இழுத்தார். விமானம் டக்கென்று ஒரு பக்கமாகப் புரண்டு தலைகீழானது. உயரம் இருந்ததால் மீட்டுவிட்டார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே. இறக்கும்போது வேகம் அடங்காமல் ஓடுதளத்தைத் தாண்டி மண்ணில் போய் நின்றது.

"பாத்தியா? வெயிட்டுக்கு மோட்டார் பத்தல. அதான்" என்றார்.

இந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

"புரண்டப்ப த்ராட்டில் எங்க வச்சிருந்தீங்கண்ணா?"

"கொறச்சுதான் வச்சிருந்தேன். கீழ வரசொல்லோ எவனாவது பவர் குடுப்பானா? வேகம் ஏறி ரெக்கையே பிச்சுக்கும்."

"அப்ப பெரிய மோட்டார் இருந்திருந்தா?"

"அதையும் கொறச்சுதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். கட்டைவிரல் த்ராட்டிலைக் கீழே இழுத்த நிலையிலேயே இருந்தது.

நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது இதைத்தான். நேராக மேலே ஏறும்போது மோட்டாரின் இழுவிசை எடையைவிட அதிகமாக இருந்தால் போதும், விமானம் ஏறும். அங்கே பவர் வேலை செய்கிறது. லூப்பின் அடியில் திரும்பும்போது நிலைமை வேறு. ஷேர் ஆட்டோ வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்துவார்கள் அல்லவா, அதுபோல அந்த வளைவில் விமானத்தின் எடை பல மடங்காகி இறக்கையை அழுத்தும். உள்ளங்கை அளவு இறக்கை தாங்கும் அறுபது கிராம் அங்கே முந்நூறு கிராம்கூட ஆகலாம். இறக்கையால் அதைப் பிடிக்க முடியாவிட்டால் விட்டுவிடும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஒரு பக்க இறக்கை முதலில் விட்டால் விமானம் அந்தப் பக்கம் புரளும். அந்த நொடியில் மோட்டார் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

கணக்கில் சொன்னால், விங் லோடிங் ஒன்றரை மடங்கு ஆனால் லூப்பை ஒன்றரை மடங்கு பெரிதாகத்தான் போட முடியும். விமானம் விழாமல் பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகமும் கால் பங்கு கூடிவிடும். பழைய லூப்பையே போட நினைத்து இழுத்தால் அது விழத்தான் செய்யும்.

டேப்பைப் பிரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அப்ப நான்தான் ஒவ்வொரு தபாவும் மேட்டு போட்டு மேட்டு போட்டு அத்த வுழ வச்சினு இருந்தேன்."

"படகா இருந்தா சரியா இருந்திருக்கும்ணா."

"போட்டு வானத்துல போவாதே தங்கச்சி."

4. மாதா படம்

விமானத்தைத் திரும்பக் கட்டுவது என்று முடிவானது. என் திட்டம் எளிமையானது. உடலில் இருக்கும் எனாமலையும் மேட்டையும் தேய்த்து எடுப்பது. இறக்கையைக் காப்பாற்ற முடியாது, புதிதாகச் செய்வது.

மறுநாள் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் கூட வந்திருந்தார். அந்தோணி அண்ணன் பழைய இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"புது ரெக்கையில மாதா படம் எழுதிக்கலாமா? சின்னதா. ஓரமா."

"பெயின்ட் வேணாம்ணா. அந்த இடம் மட்டும் கனமாகும், பக்கம் சாயும்."

"படம் இல்லாம எப்பிடி பறக்க வுடுறது?"

ஸ்டெல்லா அக்கா குறுக்கிட்டார். "ஏய்யா, மாதா இன்னா பெயின்ட்டுலதான் குந்தினு கீறாளா?" என்றார். "நீ இருமுறதப் பாத்து அவளே பேஜாராகி கீறா. இந்தப் பொண்ணு சொல்றத கேளு." பிறகு கைப்பையைத் திறந்து, கோயிலில் கொடுக்கும் சின்னக் காகிதப் படம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "இத்த உள்ள ஒட்டிக்க முடியுமா கண்ணு?"

சலீம் பாய் அதை வாங்கி, மிகுந்த அக்கறையோடு தராசில் வைத்தார். லாரி போகும்வரை காத்திருந்தோம். எண் பூஜ்யத்திலிருந்து நகரவில்லை.

"வெயிட்டே இல்ல. ஒட்டு" என்றார் பாய்.

உடலின் உட்புறத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பழைய இறக்கையை ஸ்டெல்லா அக்கா துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தேய்க்கும் வேலை முழுவதும் என்னுடையது. மொட்டை மாடியில், முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அந்தோணி அண்ணனைப் படி ஏற விடவில்லை. கீழே லேத் பட்டறை வாசலில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவார்: "வெள்ள தெரியுதா? தெரிஞ்சா நிறுத்து. அதுக்கு கீழ ஒரு மேட்டுதான் கீது, அப்பால கட்ட." எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று அவருக்கு மனப்பாடம். அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினால் மரம் சேதமாகாமல் வந்தது.

5. காற்றைப் பற்றிய தகராறு

புதிய இறக்கையைத் தெர்மாகோலில் வெட்டினேன். சூடான கம்பியால் வெட்டும்போது புகை வரும், அப்போதும் அவரை வெளியே அனுப்பிவிட்டேன். நடுவில் கார்பன் குழாய், ஓரங்களில் பால்சா என்ற லேசான மரம். மேலே ஒட்டும் மெல்லிய ஃபிலிமை அவர் இஸ்திரி போட்டு ஒட்டினார். மேட் விரித்துப் பழகிய கை, ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இறக்கையை இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டியிருந்ததால் பரப்பு முப்பத்தெட்டு சதுரம் ஆனது.

அடுத்த கேள்வி எவ்வளவு எடையில் நிறுத்துவது என்பது. நான் முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பரீச்ச நம்ம மைதானத்துலதான். அங்க மத்தியானத்துல கடக்காத்து எப்பிடி அடிக்கும்னு தெரியுமா? எண்ணூர் காத்து தங்கச்சி, மூஞ்சில அறையும். ரொம்ப லைட்டா இருந்தா பட்டம் கணக்கா அல்லாடும். ரோலு நேரா வராது."

இது சரியான ஆட்சேபம். விங் லோடிங் குறைவாக இருந்தால் சின்னக் காற்றுக்கும் விமானம் தூக்கிப் போடும். எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னேறவும் திணறும். அறுபது கிராமில் இருந்தபோது அவருடைய ரோல்கள் தண்டவாளம் மாதிரி நேராக இருந்தன என்பது உண்மைதான்.

அரை நாள் பேசினோம். கடைசியில் ஒத்துக்கொண்டவை:

ஒன்று, மொத்த எடை ஒரு கிலோ அறுநூறு. அதாவது உள்ளங்கைக்கு நாற்பத்திரண்டு கிராம். நான் கேட்டதைவிட அதிகம், அவர் கேட்டதைவிடக் குறைவு.

இரண்டு, பெரிய மோட்டார் இருக்கட்டும், ஆனால் சின்ன விசிறியும் சின்ன பேட்டரியும். இழுவிசை எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும், நேராக ஏறுவதற்குத் தாராளம்.

மூன்று, இந்தச் சின்ன பேட்டரியால் பறக்கும் நேரம் குறையும். ரிமோட்டில் டைமர் வைத்து, அது ஒலித்ததும் எதுவாக இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "சர்தாம்மா, இருக்குற சோத்துக்கு அளவா தின்னுன்ற" என்றார்.

தேர்வுக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. இரண்டிலும் அது விழவில்லை.

6. எருமைகள்

தேர்வு எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நானும் ஸ்டெல்லா அக்காவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நடுத்தர வயதுக்காரர். தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார், அந்த அளவுக்குக் காற்று.

அந்தோணி அண்ணன் பயந்தது நடந்தது. முதல் ரோல் பாதியில் காற்று தூக்கிக் கோணலாக்கியது. இரண்டாவதும் அப்படியே. தேர்வாளர் குறித்துக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். அந்த எடையைக் குறைக்கச் சொன்னது நான்.

லூப் நன்றாக வந்தது. சதுர லூப்பின் அடி மூலைகள் தரைக்குப் பக்கத்தில், சுத்தமாக வந்தன. பழைய இறக்கையில் அந்த உயரத்தில் அதை முயன்றிருக்கவே முடியாது. தலைகீழ்ப் பறப்பும் முடிந்தது. இறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

இறங்கும் பாதைக்குத் திருப்பியபோது உப்பளப் பக்கமிருந்து எருமைகள் ஓடுதளத்துக்குள் வந்தன. "சுத்தி வா" என்றார் தேர்வாளர். அந்தோணி அண்ணன் த்ராட்டிலைக் கொடுத்து ஒரு சுற்று சுற்றினார். எருமைகள் அவசரப்படவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஓர் அம்மா, கையில் குச்சி, காதில் போன், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு ஓடுதளத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தார். காவலாள் ஒருவர் கத்திக்கொண்டே ஓடினார். காற்றில் அவர் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

டைமர் ஒலித்தது.

"தலைக்கு மேல போயி அப்பால எறக்கிடு மாமு, அந்தாண்ட எடம் கீது" என்றார் தேர்வுக்கு வந்து வரிசையில் நின்றிருந்த இன்னொருவர்.

அந்தோணி அண்ணன் இன்னொரு சுற்றுக்குத் திருப்பினார். டைமர் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார், வலித்தது.

ஓடுதளத்துக்கு வெகு தூரத்திலேயே மோட்டார் நின்றுவிட்டது.

"மோட்டார் கட்டாயிடுச்சு சார். இந்தாண்ட புல்லுல எறக்குறேன்" என்று சத்தமாகச் சொன்னார். குரல் பதறவில்லை.

எதிர்காற்று பலமாக இருந்ததால் ஓடுதளம் வரை அது வந்து சேராது என்று எனக்குத் தெரிந்தது. கனமான விமானமாக இருந்தால் காற்றைக் கிழித்து ஒருவேளை வந்திருக்கும். அவர் அதற்கு முயலவில்லை. வரப்புக்கும் கருவேல முள்ளுக்கும் நடுவில் இடுப்பளவு புல் வளர்ந்த ஒரு சின்ன இடம் இருந்தது. மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே வந்தார். விமானம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரு கட்டத்தில் காற்றில் நிற்பதுபோலவே இருந்தது. இறக்கை விடவில்லை. அப்படியே புல்லுக்குள் இறங்கி மறைந்தது.

போய்ப் பார்த்தோம். விசிறியில் ஓர் அலகு உடைந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அந்த அம்மா எருமைகளோடு ஓடுதளத்தைக் கடந்துவிட்டிருந்தார். இன்னும் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் வந்தார்.

"ரோல் ரெண்டும் கோணல்."

"ஆமா சார்."

"இறக்குனது கட்டத்துக்குள்ள இல்ல."

"இல்ல சார்."

"அந்தம்மாவுக்கு அந்தப் பக்கம் இடம் இருந்துச்சே. பேட்டரி முடியுதுன்னு தெரிஞ்சும் ஏன் இறக்கல?"

"அவங்க இந்தப் பக்கம் திரும்பவே இல்ல சார். தலைக்கு மேல போவசொல்லோ மோட்டார் நின்னுச்சுன்னா, நான் இன்னா பண்ணுவேன்?"

"புல்லுல போட்டா பிளேன் போயிடும்னு பயமா இல்லையா?"

அந்தோணி அண்ணன் புல்லில் கிடந்த விமானத்தைப் பார்த்தார். "என் பழைய ரெக்கையா இருந்தா பயந்திருப்பேன் சார். அது கல்லு கணக்கா வரும். புல்லுல வைக்க முடியாது, வச்சா தூளு. அப்ப எப்பிடியாவது ஸ்ட்ரிப்புலதான் எறக்கணும்னு தோணும், அந்தம்மா மேலயே போயிருப்பேன். இது மெல்ல வரும், எங்க வேணா வைக்கலாம். அத்தொட்டுதான் அவங்க போவட்டும்னு நிக்க முடிஞ்சுது."

தேர்வாளர் தலையாட்டினார். எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. போகும் வழியெல்லாம் ஸ்டெல்லா அக்கா, "கோணல்னு சொன்னாரே, கோணல்னு சொன்னாரே" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் போன் வந்தது. சாகசப் பறப்பு கற்றுத்தர வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய ரோல்கள் நேராக இருந்தன, நியாயமான முடிவுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமாக இறக்கக் கற்றுத்தர அந்தோணி அண்ணனை எடுத்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "காசிமேட்டுல என் சாமானெல்லாம் வித்துரப்போறேன்" என்றார். சலீம் பாய் டீ சொல்லி அனுப்பினார்.

7. நான் கற்றுக்கொண்டது

அந்த வேலைக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால், விங் லோடிங்கை ஏன் குறைக்க வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்லியிருப்பேன்: லூப் சின்னதாக வரும், மூலைகள் கூர்மையாக வரும், மதிப்பெண் கூடும். பவரைப் பற்றிக் கேட்டால், இழுவிசை எடையைவிட எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணைச் சொல்லியிருப்பேன். இரண்டும் இப்போதும் சரிதான். ரோல் கோணலானதும் அதே கணக்கின் இன்னொரு பக்கம்தான், அதையும் மறைக்கக் கூடாது. காற்று அதிகமுள்ள இடத்துக்குக் கட்டும்போது இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் அல்லாடும் என்று.

ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வரும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. பவர் இருக்கும்வரை எந்த விமானமும் நல்ல விமானமாகத்தான் தெரியும். அது நிற்கும்போது, கையில் ரிமோட் வைத்திருக்கும் மனிதருக்கு எத்தனை வழிகள் மிச்சமிருக்கின்றன என்பதை, மேஜையில் அதைக் கட்டும் நாம்தான் தீர்மானித்துவிடுகிறோம். இறக்கை மேல் அதிக எடை ஏற்றிக் கொடுத்தால் அவருக்கு ஒரே வழிதான் இருக்கும், எப்படியாவது ஓடுதளத்துக்கு வந்து சேர்வது. அந்த ஓடுதளத்தில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய்க்கொண்டிருப்பார். அவர் கடந்து முடிக்கும்வரை வாடிக்கையாளர் காத்திருக்கக்கூடிய விமானமாகக் கட்டிக் கொடுங்கள்.